ஈட்டிக்காரனும் கரும்புக் கொல்லையும்

நம்முடைய கதைகளில் ஒரு பட்டாணியன் வருவான். அவனுக்கு ஊர் கிடையாது. தாய் தகப்பன் கிடையாது. பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது. ஆறடி உயரம் உண்டு, முண்டாசு உண்டு, தொளதொளவென்ற கால்சட்டை உண்டு, கையில் ஒரு தடி உண்டு. வட்டிக்குக் கொடுத்தவன் என்றால் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வான். காவல்காரன் என்றால் முதலாளிக்காக உயிரை விடுவான். முரடன் என்றால் கத்தியை எடுப்பான். நல்லவன் என்றால் குழந்தையைக் கண்டதும் கண்ணீர் வடிப்பான். இந்த நாலு வேஷங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, கதாசிரியருக்கு ஆகவேண்டிய காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விடுவான். எங்கிருந்து வந்தான், எங்கே போனான் என்று எழுதினவரும் கேட்பதில்லை, படிப்பவரும் கேட்பதில்லை.

தமிழில் அவனுக்கு ஒரு தனிப் பெயரே ஏற்பட்டுவிட்டது: ஈட்டிக்காரன். வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஊர் ஊராய்த் திரிந்து வசூல் செய்த அந்த மனிதர்கள் நம் தெருக்களிலிருந்து மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால், "ஈட்டிக்காரன் மாதிரி வந்து நிற்கிறான்" என்ற பேச்சு மறையவில்லை. ஒரு சிலர் செய்த ஒரு தொழிலை வைத்துப் பல கோடிப் பேர் கொண்ட ஒரு ஜாதியாருக்கு முத்திரை குத்திவிட்டோம். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவெங்கும் சுற்றிய அந்த வட்டிக்காரர்களிலும் வியாபாரிகளிலும் பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானத்து நாடோடிக் கூட்டங்களைச் சேர்ந்தவர்கள். கணவாய்க்கு இந்தப் பக்கத்தில் ஏர் ஓட்டிப் பயிர் செய்த பட்டாணிய விவசாயி தஞ்சாவூரையும் பார்த்ததில்லை, தாராபுரத்தையும் பார்த்ததில்லை. முத்திரை மட்டும் அவனுக்கும் சேர்த்து விழுந்துவிட்டது.

ரவீந்திரநாத தாகூர் 1892இல் 'காபூலிவாலா' எழுதினார். அதைப் பின்பற்றித்தானே எழுதுகிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். தாகூர் செய்ததைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அந்த மனிதனுக்கு ரஹ்மத் என்று ஒரு பெயர் கொடுத்தார். ஊரில் ஒரு மகளைக் கொடுத்தார். அந்த மகளின் கையைக் கரியில் தோய்த்துப் பதித்த ஒரு காகிதத்தை அவன் மார்போடு வைத்துக்கொண்டு திரிந்தான் என்று எழுதினார். அவனுடைய கண்ணீருக்கு ஒரு விலாசம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் கண்ணீரை எடுத்துக்கொண்டு விலாசத்தைக் கிழித்தெறிந்துவிட்டார்கள். கடன் வாங்கினாலும் கைமுதலோடு சேர்த்து வாங்கியிருக்கவேண்டாமா?

இதைவிட வெட்கப்படவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மனிதனைப் பற்றிப் பாடுவதற்கு முன்னால் அவன் நிற்கும் மண்ணைச் சொல் என்று விதி வகுத்த மொழி நம்முடைய மொழி. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்த நிலத்தில் விளைவதும் மேய்வதும் பறப்பதும், அங்கே மக்கள் செய்யும் தொழிலும் கருப்பொருள். அதற்குப் பிறகுதான் உரிப்பொருளாகிய மனித ஒழுக்கம். இப்படிப்பட்ட இலக்கணத்துக்கு வாரிசுகளான நாம், ஒரு ஜாதியாரைப் பற்றி எழுதும்போது முதலையும் கருவையும் விட்டுவிட்டு, நேரே குணத்தில் போய்க் குதிக்கிறோம். "முரட்டு ரத்தம்" என்கிறோம். "பழிவாங்காமல் விடமாட்டார்கள்" என்கிறோம். "வாக்குத் தவறமாட்டார்கள்" என்கிறோம். வசவானாலும் வாழ்த்தானாலும் இரண்டும் ஒரே சோம்பேறித்தனத்திலிருந்து பிறந்தவைதாம். நிலத்தைப் பார்க்கச் சோம்பல்.

ஆகவே ஒரே ஒரு ஜில்லாவை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

பெஷாவர் நகரத்துக்கு வடகிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் சார்ஸத்தா. பாகிஸ்தானில், கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் இருக்கிறது. முன்பு பெஷாவர் ஜில்லாவின் ஒரு பகுதி. 1988இல் தனி ஜில்லா ஆயிற்று. பரப்பு ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகை 16 லட்சம். அதாவது ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 1,600 பேர். ஏறக்குறைய எல்லாரும் பஷ்டோ பேசுகிறவர்கள்.

பட்டாணியர் தேசம் என்றதும் மொட்டைப் பாறையும் முள்செடியும், பாறைக்குப் பின்னே ஒரு துப்பாக்கியும் நம் கண்முன் வந்து நிற்கின்றன அல்லவா? சார்ஸத்தாவில் ஜில்லாவின் வடக்கு, மேற்கு ஓரங்களில்தான் மலை. மீதியெல்லாம் ஆற்றுப் பாசனச் சமவெளி. மலையை விட்டு இறங்கும் ஸ்வாத் ஆறு இங்கே வந்து பல கிளைகளாகப் பிரிகிறது. மேற்கிலிருந்து காபூல் ஆறு வருகிறது, அதுவும் பிரிகிறது. ஜிந்தி என்று மூன்றாவதாக ஓர் ஆறு. இவை நிஸத்தா என்ற ஊரின் பக்கத்தில் ஒன்றுகூடிக் காபூல் ஆறாகவே ஓடி, நௌஷேராவைத் தாண்டி, அட்டக்கில் சிந்து நதியோடு கலக்கின்றன. பெஷாவரிலிருந்து போகும் சாலையில் ஸர்தர்யாப் என்ற ஆற்றங்கரை இருக்கிறது. ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படகில் ஏறிச் சுற்றுகிற இடம் அது. நம் கதைகளில் எந்தப் பட்டாணியனாவது மீன் சாப்பிட்டிருக்கிறானா? படகில் ஏறியிருக்கிறானா?

இந்தப் பிரதேசத்துக்குப் பழைய பெயர் ஹஷ்ட்நகர். 'ஹஷ்ட்' என்றால் பாரசீகத்தில் எட்டு. நம் அஷ்டமிக்கு உறவுக்காரச் சொல். எட்டு ஊர்கள்: சார்ஸத்தா, ப்ராங், ரஜ்ஜட், உத்மான்ஸை, துரங்ஸை, உமர்ஸை, ஷேர்பாவ், தங்கி. அதற்கும் முந்திய பெயர் நமக்கு இன்னும் பழக்கமானது. ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் பரதனுடைய பிள்ளைகள் இரண்டு நகரங்களை ஆளப் போகிறார்கள். தக்ஷனுக்குத் தக்ஷசீலம், புஷ்கலனுக்குப் புஷ்கலாவதி. அந்தப் புஷ்கலாவதிதான், தாமரை நகரம்தான், இன்றைய சார்ஸத்தாவின் மண்மேடுகளுக்கு அடியில் கிடக்கிறது. காந்தாரத்தின் தலைநகரங்களில் ஒன்று.

கி.மு. 327இல் அலெக்ஸாந்தர் தன் சேனையில் ஒரு பகுதியை முன்கூட்டியே இந்த வழியாக அனுப்பினான். நகரம் வாயிலைத் திறக்கவில்லை. முப்பது நாள் முற்றுகை நடந்தது; அதன் தலைவன் அஸ்தெஸ் மாண்டான் என்று கிரேக்கச் சரித்திரம் சொல்கிறது. 1958இல் மார்ட்டிமர் வீலர் இங்கே பாலா ஹிஸார் மேட்டைத் தோண்டியபோது பழைய அகழி ஒன்றைக் கண்டு, அந்த முற்றுகைக் காலத்தது என்று கருதினார். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் பக்கத்து மேடாகிய ஷேகான் டேரியில் நேர்கோடாய் வீதிகள் போட்ட ஒரு நகரத்தின் அச்சும் தெரிந்தது. பெஷாவர் சர்வகலாசாலையார் 1963-64இல் அதைத் தோண்டிப் பார்த்தார்கள். அது இந்தோ-கிரேக்க அரசர்கள் அமைத்த நகரம். பிறகு குஷாணர், பௌத்த விஹாரங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஹியூன் த்ஸாங் வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்றைய பட்டாணியக் குலங்கள் பெருவாரியாக வந்து குடியேறியது அதற்கெல்லாம் பின்னால், பதினாறாம் நூற்றாண்டை ஒட்டி.

இந்தக் கதையில் யார் யாரைத் தாக்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாரசீகத்திலிருந்து வருகிறவனும், மாஸிடோனியாவிலிருந்து வருகிறவனும், மத்திய ஆசியாவிலிருந்து வருகிறவனும் இந்தச் சமவெளியைத் தாண்டித்தான் சிந்து நதிக்குப் போகவேண்டும். வழியில் வீடு கட்டியவன் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுவான். அதைப் பார்த்து, "இவன் பிறவியிலேயே சந்தேகப் பிராணி" என்று சொல்கிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது?

அந்தப் புத்திசாலித்தனத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். சீக்கியர் ஆட்சியில், 1837இல், மோமந்து மலைக்காரர்களைக் கண்காணிக்க ஷப்கதரில் ஒரு கோட்டை எழுந்தது. 1849இல் அது கம்பெனியார் கைக்குப் போயிற்று. 1897 ஆகஸ்டில் மோமந்துகள் ஷப்கதரைத் தாக்கினார்கள். அந்த ஆண்டுச் சண்டைகளில் பத்திரிகைக்காரனாகவும் சிப்பாயாகவும் திரிந்த வின்ஸ்டன் சர்ச்சில், அடுத்த ஆண்டே புத்தகம் போட்டுவிட்டார். சண்டை இவர்களுடைய சுபாவம் என்று அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்கள் அத்தனையும் சாதித்தன. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்காக 'வீர ஜாதி', 'வீரமில்லாத ஜாதி' என்று தேசம் முழுவதையும் பிரித்துப் பட்டியல் போட்டவர்கள், பட்டாணியரை முதல் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆனால் இதே சர்க்கார் இன்னொரு பக்கம் என்ன செய்தது தெரியுமா? ஸ்வாத் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டியது. 1885இல் கீழ் ஸ்வாத் கால்வாயில் தண்ணீர் வந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தால் துப்பாக்கி எடுத்தவனும் ஏர் பிடிப்பான் என்று கணக்குப் போட்டே அந்தச் செலவுக்கு அதிகாரிகள் சம்மதித்தார்கள். புத்தகத்தில் 'ரத்தம்' என்று எழுதினார்கள். வரவு செலவுத் திட்டத்தில் 'தண்ணீர்' என்று எழுதினார்கள். ஒருவன் எதை உண்மையில் நம்புகிறான் என்று தெரிந்துகொள்ள அவன் எழுதின புத்தகத்தைப் பார்ப்பதைவிட, அவன் பணம் போட்ட இடத்தைப் பார்ப்பது மேல். நாம் அவர்களுடைய புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு அதையே இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு பலித்தது. சமவெளி பச்சையாயிற்று. இன்றைக்குச் சார்ஸத்தாவில் கரும்பு, புகையிலை, கோதுமை, மக்காச்சோளம் விளைகின்றன, பழத்தோட்டங்கள் இருக்கின்றன. இவற்றில் கரும்புதான் நமக்கு மிகவும் பரிச்சயமானது. அறுவடைக் காலத்தில் கொல்லைக்குக் கொல்லை ஆலை ஆடுகிறது. சாற்றை அகலமான கொப்பரையில் ஊற்றி, சக்கையையே அடுப்பில் போட்டு எரித்து, அழுக்கை வழித்து வழித்து எடுத்து, பாகு பதம் வந்ததும் இறக்கி வெல்லம் பிடிக்கிறார்கள். நம் பக்கத்து ஆலைக் கொட்டகையில் நின்று அந்த வாசனையை மோந்தவர்களுக்கு இதற்குமேல் வர்ணனை வேண்டாம். அங்கே காய்ச்சிய வெல்லம் கைபர் கணவாயைத் தாண்டி ஆப்கானிஸ்தானத்துக்கும், அதற்கு அப்பாலும் போயிருக்கிறது. கைபர் கணவாய் என்றதும் குதிரையும் வாளும் ஞாபகம் வருகிறவர்கள், வெல்ல மூட்டையையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கரும்பு இருக்குமிடத்தில் கரும்புச் சண்டையும் இருக்கும். சர்க்கரை ஆலைகள் வந்தன. ஆலை கொடுக்கிற விலையும், கொடுக்காமல் இழுத்தடிக்கிற பாக்கியும் கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி வெல்லம் காய்ச்சிவிடுவான். ஆலைக்குக் கரும்பு போய்ச் சேரவேண்டும் என்று வெல்லத்தின் மேல் சர்க்கார் கட்டுப்பாடு விதித்ததும் உண்டு. புகையிலையிலும் இதே கதைதான்: தரம் பிரிப்பவன் வாங்குகிறவன்; அவன் சொன்னதுதான் தரம், அவன் கொடுத்ததுதான் விலை. இந்த வழக்கில் பட்டாணியனின் 'முரட்டு ரத்தம்' எங்கே வருகிறது? தென்னாற்காட்டுக் கரும்பு விவசாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தால், மொழிபெயர்ப்பாளன் இல்லாமலே இருவரும் ராத்திரி முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கரும்புக்கு அப்பால் கைத்தொழில்கள். சார்ஸத்தாச் செருப்பு மாகாணம் முழுவதும் பேர் வாங்கியது. கையால் நெய்த முரட்டுத் துணியும் அப்படியே. ரஜ்ஜட் ஊரின் மிட்டாய்க்காகப் பெஷாவரிலிருந்து ஆள் வருகிறது. நிலம் போதாத குடும்பங்களில் ஒரு பிள்ளை கராச்சிக்கோ வளைகுடாத் தேசங்களுக்கோ கூலிக்குப் போய்ப் பணம் அனுப்புகிறான். 16 லட்சம் பேரை ஆயிரம் சதுரக் கிலோமீட்டர் எப்படிக் காப்பாற்றும்?

நிலம் என்றதும் அடுத்த கேள்வி, யாருடைய நிலம்? இங்கேதான் 'பட்டாணியன்' என்ற ஒற்றைப் பொம்மை உடைந்து போகிறது. ஹஷ்ட்நகரில் கான்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். மலையிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கிவந்த குத்தகைக்காரர்களும் கூலிகளும் இருந்தார்கள். கானும் பட்டாணியன், குத்தகைக்காரர்களிலும் பெரும்பாலோர் பட்டாணியர்கள். இருவரும் பேசியது பஷ்டோ. இருவரும் தொழுதது ஒரே திசையை நோக்கி. 1960களில் டிராக்டர் வந்தது. ஆளைக் கொண்டு செய்கிற சாகுபடியைவிட யந்திரத்தைக் கொண்டு செய்வது லாபம் என்று கண்ட கான்கள், குத்தகைக்காரர்களை வெளியேற்றத் தலைப்பட்டார்கள். வெளியேற மறுத்தவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். 1968இல் உண்டான மஜ்தூர் கிஸான் கட்சிக்கு ஹஷ்ட்நகர்தான் கோட்டையாயிற்று. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடக்கு ஹஷ்ட்நகரில் குத்தகைக்காரர்களுக்கும் கான்களின் ஆட்களுக்கும் துப்பாக்கிச் சண்டையே நடந்தது.

தூரத்திலிருந்து பார்க்கிறவன் இதையும், "பட்டாணியர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிறார்கள், அது அவர்கள் வழக்கம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவான். அதே காலத்தில், 1968 டிசம்பரில், கூலித் தகராறில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிந்து போனார்களே, அதைத் 'தமிழ் ரத்தத்தின் குணம்' என்று யாராவது எழுதினால் நாம் பொறுப்போமா? நிலம் என்போம், கூலி என்போம், ஜாதி என்போம், போலீஸ் என்போம். அத்தனை காரணமும் நமக்கு உண்டு. அவனுக்கு மட்டும் காரணம் கிடையாது, ரத்தம்தான் உண்டு!

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "ஐயா, அங்கே பழிக்குப் பழி வாங்கும் வழக்கம் இல்லையா? தலைமுறை தலைமுறையாய்க் குடும்பப் பகை இல்லையா? பெண்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லையா?" இருக்கின்றன. யாரும் மறைக்கவேண்டாம். ஆனால் பகைக்குக் காரணம் என்னவென்று அந்த நாட்டாரையே கேளுங்கள். ஸன், ஸர், ஸமீன் என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். பெண், பொன், மண்! வரிசைகூட மாறவில்லை. நம் கிராமத்துக் கிழவன் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற அதே பதில். நம்மிடமும் கொலை உண்டு. வேலித் தகராறுக்கு அரிவாள் உண்டு. ஜாதி மாறிக் காதலித்த பெண்ணை வெட்டுகிற தகப்பன் உண்டு. பட்டாணியனுடைய குற்றத்தை மன்னிக்கச் சொல்லவில்லை. நம் குற்றத்துக்குத் தேடுகிற காரணத்தை அவனுடைய குற்றத்துக்கும் தேடு என்றுதான் சொல்கிறேன். அப்படித் தேடும்போது கண்ணில் படவேண்டிய ஒன்று சட்டம். சார்ஸத்தாவை ஒட்டிய மோமந்து மலையில் 1901ஆம் வருஷத்து எல்லைப்புறக் குற்றச் சட்டம் அமலில் இருந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய குலம் முழுவதையும் தண்டிக்கலாம், அப்பீல் கிடையாது. வெள்ளைக்காரன் போன பின்பும் பாகிஸ்தான் அதை விடவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒருவன் குற்றத்துக்குக் குலத்தையே பிடிக்கும் சட்டத்தை நூறு வருஷத்துக்கு மேல் ஒரு மலையின்மேல் வைத்துவிட்டு, "இவர்கள் ஏன் குலம் குலமாய்ச் சண்டை போடுகிறார்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அடுத்தபடியாக, எதிர்க்கட்சிக்காரர்கள் வாயே திறக்க முடியாத ஒரு விஷயம். இந்த ஹஷ்ட்நகரின் எட்டு ஊர்களில் ஒன்றான உத்மான்ஸையில், ஒரு கான் வீட்டில், 1890இல் பிறந்தவர் அப்துல் கஃபார் கான். 1921இல் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் வைத்தார். 1928இல் 'பக்தூன்' என்று பஷ்டோ மொழியில் பத்திரிகை நடத்தினார். அதில் பெண்களும் எழுதினார்கள். 1929இல் குதாயி கித்மத்கார், அதாவது ஆண்டவனின் ஊழியர்கள் என்ற தொண்டர் படையை ஏற்படுத்தினார். ஆயுதம் எடுப்பதில்லை, பழிவாங்குவதில்லை என்று பிரமாணம் செய்துகொண்ட படை. வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறதென்று, தோல் பதனிடுகிற இடத்துச் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். அதனால் செஞ்சட்டைக்காரர்கள் என்று பேர் வந்தது.

1930 ஏப்ரல். உப்புச் சத்தியாக்கிரகம். திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் தொண்டர்கள் வேதாரண்யத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், 23ஆம் தேதி, கஃபார் கானைக் கைது செய்தார்கள். பெஷாவரின் கிஸ்ஸா கவானிக் கடைவீதியில் நிராயுதபாணிகளான ஜனங்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சுடச்சொன்ன உத்தரவுக்குக் கட்வால் சிப்பாய்கள் சிலர் கீழ்ப்படிய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். நம்முடைய தாத்தாக்கள் உப்பு அள்ளப் போன மாதத்தில், அதே கட்டளைக்குக் கட்டுப்பட்டு அங்கே மார்பைக் காட்டியவர்கள் அவர்கள். வேதாரண்யம் நமக்கு நினைவிருக்கிறது. அவர்களை நாம் என்னவாக நினைவு வைத்திருக்கிறோம்? ஈட்டிக்காரனாக!

இதற்கும் நம்மவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "அது மகாத்மாவின் அற்புதம்; புலியைப் புல் தின்னச் செய்தார்." புகழ்வதுபோல் அவமதிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. புலி என்று முதலில் தீர்மானித்துவிட்டால்தானே புல் தின்றது அற்புதம்? உத்மான்ஸையில் அற்புதம் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் நடந்தது, பத்திரிகை நடந்தது, ராட்டை சுற்றியது, தெருக் கூட்டியது. ஒன்பது வருஷ வேலைக்குப் பிறகு 1930 வந்தது. காந்தியடிகள் 1938இல் உத்மான்ஸைக்குப் போய்த் தங்கினார். போனது விதைக்க அல்ல, விளைந்ததைப் பார்க்க.

சுதந்திரம் வந்தது, பாகிஸ்தான் பிறந்தது. 1948 ஆகஸ்ட் 12ஆம் தேதி, சார்ஸத்தாவுக்குப் பக்கத்தில் பாப்ராவில், தலைவர்களைச் சிறையில் அடைத்ததைக் கண்டித்துக் கூடிய குதாயி கித்மத்கார்கள்மேல், மாகாண சர்க்காரின் போலீஸ் சுட்டது. சர்க்கார் கணக்கில் செத்தவர் சுமார் 15 பேர். இயக்கத்தார் கணக்கில் பல நூறு பேர். இரண்டு கணக்குக்கும் நடுவில் எத்தனை பிணங்கள் புதைந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஜாலியன்வாலாபாக் என்றால் பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். பாப்ரா என்றால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுட்டவன் வெள்ளைக்காரனாய் இல்லாத குற்றத்துக்காக, செத்தவர்களைச் சரித்திரம் மறக்கவேண்டுமா?

கதை படிக்கிறவர்களுக்கு இன்னொருவரையும் அறிமுகம் செய்யவேண்டும். கஃபார் கானின் மூத்த மகன் கனி கான், 1914இல் பிறந்தவர். சாந்திநிகேதனத்தில் படித்தார், சித்திரமும் சிற்பமும் பழகினார். சீமைக்குப் போய்ச் சர்க்கரைத் தொழில் கற்று வந்து, மர்தானுக்குப் பக்கத்தில் தக்தி பாஹி சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். பஷ்டோ மொழியின் பெருங்கவிகளில் ஒருவர் என்று அவருடைய ஜனங்கள் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிறார்கள். 1948 முதல் ஆறு வருஷம் பாகிஸ்தான் சிறையில் கிடந்தார். அங்கேயும் கவிதை எழுதினார். 1996இல் காலமானார். சர்க்கரைப் பாகின் பதம் பார்க்கவும் தெரிந்த, சொல்லின் பதம் பார்க்கவும் தெரிந்த இப்படி ஒரு பட்டாணியனை நம் கதாசிரியர்களில் யாராவது கற்பனை செய்திருக்கிறார்களா? செய்திருந்தால், "நம்பும்படியாக இல்லை" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

கஃபார் கான் 1988 ஜனவரி 20ஆம் தேதி பெஷாவரில் காலமானார். வெள்ளைக்காரன் சிறையும் பாகிஸ்தான் சிறையும் சேர்ந்து அவர் வாழ்நாளில் பெரும் பங்கைத் தின்றிருந்தன. அவர் பெயரில் சார்ஸத்தாவில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. 2016இல், அவர் மறைந்த அதே ஜனவரி 20ஆம் தேதி, அவர் நினைவாகக் கவியரங்கம் நடக்கவிருந்த காலை வேளையில், பயங்கரவாதிகள் அங்கே புகுந்து சுட்டார்கள். மாணவர்களும் ஆசிரியரும் ஊழியர்களுமாக இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது இங்கே கேட்ட பேச்சு என்ன? "அந்தப் பக்கமெல்லாம் இப்படித்தான், சார்." துப்பாக்கியோடு வந்தவனையும், கவிதை கேட்க உட்கார்ந்திருந்தவனையும் ஒரே 'அந்தப் பக்க'மாக்கிவிட்டோம்.

இதனால்தான் இந்த விஷயத்தைப் பெரிதுபடுத்திப் பேசுகிறேன். கதையில் வருகிற பொம்மை கதையோடு நின்றுவிடுவதில்லை. 2010 ஜூலைக் கடைசியில் ஸ்வாத் ஆற்றில் வெள்ளம் வந்து முண்டா அணைக்கட்டை அடித்துக்கொண்டு போயிற்று; சார்ஸத்தாவின் கிராமங்களும் கரும்புக் கொல்லைகளும் முழுகின. 2022 ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளம். மறுபடியும் முண்டாவில் உடைப்பு. வீட்டுக் கூரையில் ஏறி நின்ற குடியானவனுடைய படம் பத்திரிகையில் வந்தது. முண்டாசும் தாடியும் பார்த்தவுடன் நம் மனசு அவனைப் பயிர் போன விவசாயியாகப் பார்க்கவில்லை. பல வருஷமாய் நாம் படித்த கதைகளும் பார்த்த படங்களும் அவன் கையில் ஏற்கெனவே ஒரு தடியைக் கொடுத்துவிட்டன. தடி பிடித்தவனுக்காக யாருக்கு இரக்கம் வரும்?

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டாணியனை நல்லவனாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை. கெட்டவனாகவே எழுதுங்கள், ஆனால் எந்த ஊர்க் கெட்டவன் என்று எழுதுங்கள். அவனுக்கு எத்தனை ஏக்கர் நிலம், ஆலையிலிருந்து எத்தனை பாக்கி வரவேண்டும், எந்த ஆற்றுத் தண்ணீர் அவன் வயலுக்குப் பாய்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்தப் பாத்திரத்தை விட்டுவிடுங்கள்; கதை ஒன்றும் கெட்டுப்போய்விடாது.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் கதையில் முண்டாசு கட்டிய ஒருவன் கதவைத் தட்டினால், "உனக்கு எந்த ஊர் அப்பா?" என்று கேளுங்கள். கதாசிரியருக்குப் பதில் தெரியாவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிடுங்கள்.